குளத்தில் புதுப் பறவையா? பெயர் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருநாள் காலை, வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பறவை. வாத்தைப் போல நீந்துகிறது, ஆனால் வாத்தின் தட்டை அலகு இல்லை. கோழியைப் போலத் தலையை வெட்டி வெட்டி ஆட்டுகிறது, ஆனால் நிற்பது தண்ணீரில். அரை நிமிடம் கண்ணில் பட்டிருக்கும். அப்புறம் கோரைக்குள் நுழைந்தது, வெளியே வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து இணையத்தில் 'பழுப்பு நிற நீர்ப்பறவை' என்று தேடினேன். படங்கள் வந்து குவிந்தன. பெண் வாத்துகள் பெரும்பாலும் பழுப்பு. பல பறவைகளின் இளசுகளும் பழுப்பு. உள்ளான்கள் முக்கால்வாசி பழுப்பு. மூன்று நாள் சுற்றினேன். கடைசியில் நிறத்தை மறந்துவிட்டு, அது எப்படி நீந்தியது, வாலை என்ன செய்தது என்று யோசித்த பிறகுதான் விடை கிடைத்தது. என்ன பறவை என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். படித்துக்கொண்டே வந்தால் அதற்குள் நீங்களே சொல்லிவிடலாம்.

அந்த மூன்று நாளில் நான் கற்றுக்கொண்ட வரிசைதான் இந்த வழிகாட்டி. புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள், உடனே படத்தைத் தேடுவார்கள். நான் சொல்வது நேர்மாறு: முதலில் உருவம், அடுத்து நடத்தை, அப்புறம் அலகும் காலும். நிறம் இவற்றுக்கெல்லாம் பின்னால்.

முதல் படி: பார்த்துக்கொண்டே இருங்கள்

பறவை கண்ணில் பட்டதும் கை தானாகப் போனுக்குப் போகும். ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் உடனே பறவைப் புத்தகத்தையோ செயலியையோ திறக்காதீர்கள். பறவை எதிரே இருக்கும் நேரம்தான் விலை மதிப்பற்றது. புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டால் நம் ஞாபகம் அந்தப் படத்துக்கு ஏற்றபடி வளைந்துகொள்ளும். 'கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு இருந்ததே' என்று சத்தியம் செய்வோம். அது பறவையில் பார்த்ததா, படத்தில் பார்த்ததா என்பது நமக்கே தெரியாது. அதனால் பார்க்கும்போதே குறித்துவிடுவது நல்லது. எழுதக் குனிந்தால் பறவை போய்விடும் என்ற பயம் இருந்தால், போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு, கண்ணை எடுக்காமல் பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'புறா அளவு. முதுகு கருப்பு மாதிரி. இப்போது முங்கிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று…' பக்கத்தில் நடப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பழகிவிடும்.

பைனாகுலர் இருந்தால் வசதி. அதன் மேல் 8×42 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். குளத்துக்கு இதுவே போதும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுங்குவதும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி வெறுங்கண்ணுக்கே எட்டும்.

வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். சூரியன் பறவைக்குப் பின்னால் இருந்தால் எல்லாப் பறவையும் கருப்புதான். குளத்தின் மறுகரைக்கு நடந்து போனால் பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இரண்டாம் படி: அளவு

தண்ணீரில் தனியாக மிதக்கும் பறவையின் அளவைச் சொல்வது கடினம். அளந்து பார்க்கப் பக்கத்தில் எதுவும் இருக்காது. அதுவும் பைனாகுலரிலோ போனில் பெரிதாக்கியோ பார்த்தால் உள்ளங்கை அளவுப் பறவை வாத்து மாதிரி தெரியும்.

அதனால் தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். சிட்டுக்குருவி ஏறக்குறைய 15 செ.மீ., மைனா 23, மாடப்புறா 32, காகம் 40 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை உள்ள நீளம் இது. 'மைனாவை விடப் பெரியது, காகத்தை விடச் சிறியது' என்று சொல்ல முடிந்தாலே போதும். குளத்தில் வேறு பறவை இருந்தால் இன்னும் நல்லது. புதுப் பறவை கொக்குப் பக்கத்தில் போகும் வரை காத்திருந்து, இரண்டும் ஒரே சட்டத்தில் விழும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாத்து என்றால் பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். குள்ளத்தாரா ஏறக்குறைய 26 செ.மீ.தான், புறாவை விடச் சிறியது. அதேபோல, குட்டியாக இருப்பதாலேயே ஒன்றை 'வாத்துக் குஞ்சு' என்று முடிவு கட்டவும் கூடாது. முக்குளிப்பானைப் பார்த்து அப்படி நினைக்காதவர்கள் குறைவு. உருண்டையாக, வாலே இல்லாமல், பின்பக்கம் பஞ்சு ஒட்டியது போல மிதக்கும். வளர்ந்த பறவையே அவ்வளவுதான். தாய் வாத்து பக்கத்தில் இல்லாமல் தன் பாட்டுக்கு முங்கி எழும் 'குஞ்சு' கண்ணில் பட்டால் முதலில் முக்குளிப்பானை நினையுங்கள்.

மூன்றாம் படி: தண்ணீரில் எப்படி இருக்கிறது?

இந்த ஒரு கேள்வியிலேயே குளத்துப் பறவைகள் நான்கைந்து கூட்டமாகப் பிரிந்துவிடும்.

முதல் கூட்டம் நீந்துபவை. இதிலும் உடம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பாருங்கள். வாத்து படகு மாதிரி மிதக்கும், முதுகு நன்றாகத் தெரியும். நீர்க்காகம் பாதி மூழ்கிய கட்டை மாதிரி, முதுகு தண்ணீரோடு தண்ணீராக, அலகைக் கொஞ்சம் மேல்நோக்கி வைத்துக்கொண்டு போகும். அதன் இறகில் தண்ணீர் ஊறும். அதனால் மிதப்பு குறைவு, மூழ்குவது சுலபம். கரையேறியதும் சிறகை விரித்துக் காய வைப்பதும் அதனால்தான். பாம்புத்தாரா இன்னும் ஒரு படி மேலே போய், உடம்பு முழுவதையும் தண்ணீருக்குள் மறைத்துவிட்டுக் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு வரும். முதல் முறை பார்ப்பவர் பாம்பு என்றே நினைத்துத் திடுக்கிடுவார். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி இருக்கும், மீனைக் கவ்வும். பாம்புத்தாராவின் அலகு நேரான குத்தூசி, மீனைக் குத்தும். இந்த ஒரு வித்தியாசம் போதும்.

இரண்டாவது, ஆழமில்லாத நீரில் நின்று நடப்பவை: கொக்கு, நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நெடுங்கால் உள்ளான். மூன்றாவது, இலை மேல் நடப்பவை. தாமரை, அல்லி இலைகளின் மேல் ஒரு பறவை ஓடுகிறது, இலை முங்கவில்லை என்றால் அது இலைக்கோழி. விரல்கள் அவ்வளவு நீளம், எடை பல இலைகளில் பரவிவிடும். நான்காவது, சேற்று ஓரத்தில் குடுகுடுவென்று ஓடிக் கொத்துபவை. உள்ளான், ஆட்காட்டி, வாலாட்டி எல்லாம் இந்த வகை. ஐந்தாவது, தண்ணீருக்கு மேலே இருந்து பாய்பவை: மீன்கொத்தியும் ஆலாவும்.

புதுப் பறவை எந்தக் கூட்டம் என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய பக்கங்கள் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

நான்காம் படி: என்ன செய்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். பருவத்துக்கும் வயதுக்கும் ஏற்றபடி பறவையின் இறகு நிறம் மாறும். ஆனால் அது இரை தேடும் விதம் அவ்வளவு லேசில் மாறாது.

நீந்தும் பறவை சாப்பிடும்போது கவனியுங்கள். தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு, பின்பக்கத்தை வானம் பார்க்கத் தூக்கி நிற்கிறதா? அப்படியென்றால் அது மேல்நீரில் மேயும் வாத்து. புள்ளிமூக்கு வாத்து, ஊசிவால் வாத்து, கிளுவை, மல்லார்ட் எல்லாம் இந்த வகை. முழுதாக முங்கி வேறு இடத்தில் எழுகிறதா? அப்படியானால் முங்கும் வாத்தாக இருக்கலாம், முக்குளிப்பானாக இருக்கலாம், நீர்க்காகமாக இருக்கலாம், நாமக்கோழியாகவும் இருக்கலாம். முங்கும் விதத்தைப் பாருங்கள். நாமக்கோழி ஒரு சின்னக் குதி குதித்துத்தான் உள்ளே போகும். சற்று நேரத்தில் பாசியை வாயில் வைத்துக்கொண்டு கார்க் மாதிரி 'டபக்' என்று மேலே வந்துவிடும். முக்குளிப்பான் பயந்தால் சத்தமே இல்லாமல் அமிழ்ந்துவிடும், எங்கே எழுந்தது என்று தேட வேண்டியிருக்கும்.

அலகை நீரின் மேற்பரப்பில் வைத்தபடி, தலையைத் தூக்காமல், வட்டமடித்து நீந்தும் வாத்தைப் பார்த்தால் அலகின் நுனியைக் கவனியுங்கள். மண்வெட்டி போல அகன்றிருந்தால் தட்டைவாயன். தண்ணீரை வடிகட்டிச் சின்ன உயிர்களைத் தின்னும் வேலையில் இருக்கிறது.

கிளம்புவதும் ஒரு கையெழுத்து. மேல்நீரில் மேயும் வாத்துகள் நின்ற இடத்திலிருந்தே ஜிவ்வென்று மேலே எழும்பும். முங்குபவற்றுக்கு கால் உடம்பின் பின்பக்கத்தில் இருக்கும். நீச்சலுக்கு அது நல்லது, எழும்புவதற்கு அல்ல. அதனால் தண்ணீர் மேல் படபடவென்று ஓடி, வேகம் பிடித்துத்தான் பறக்கும். நாமக்கோழியும் அப்படியே.

நடப்பவற்றில் கொக்கு அசையாமல் நிற்கும், திடீரென்று கழுத்தை வீசும். கரண்டிவாயன் அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டு இடமும் வலமும் அரிவாள் வீசுவது போல வீசிக்கொண்டே நடக்கும். அரிவாள் மூக்கன் வளைந்த அலகால் சேற்றைக் குத்தித் துழாவும். சின்னக் கொக்கு சில நேரம் ஒரு காலால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும்.

பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். கொக்கு இனங்கள் கழுத்தை மடித்து மார்போடு ஒட்டிக்கொண்டு பறக்கும். பெரிய நாரை இனங்களும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் கழுத்தை முன்னால் நீட்டிப் பறக்கும். இங்கே பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சாம்பல் நாரையும் செந்நாரையும் பெயரில்தான் நாரை, உண்மையில் கொக்குக் குடும்பம். அவையும் கழுத்தை மடித்துத்தான் பறக்கும்.

சரி, என் பழுப்புப் பறவைக்கு வருவோம். குரல் பதிவில் இருந்தது இவ்வளவுதான்: புறா அளவு. ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் தலை முன்னும் பின்னும் போகிறது. வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறது, வாலுக்கு அடியில் வெள்ளை. முங்கவே இல்லை. கோரைப் பக்கமே சுற்றுகிறது. நிறத்தைத் தவிர்த்துப் பார்த்தால் இது போதுமான தகவல் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: அலகும் காலும்

அலகைப் பார்த்தால் அது என்ன தின்னும் என்று தெரியும். தட்டை அலகு வாத்துக்கு. கூரான ஈட்டி கொக்குக்கு. கோழி மாதிரிக் குட்டையான அலகும் நெற்றிவரை ஏறிய ஒரு தகடும் இருந்தால் அது நீர்க்கோழி இனம். அந்தத் தகடு வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி, பெயரே அதனால் வந்ததுதான். சிவப்பாக இருந்து அலகு நுனி மட்டும் மஞ்சளாக இருந்தால் தாழைக்கோழி. தடித்த சிவப்பு அலகு, உடம்பு நீலமும் ஊதாவுமாக இருந்தால் நீலத் தாழைக்கோழி. அலகின் நடுவே சந்து விட்டது போல இடைவெளி தெரிந்தால் நத்தை குத்தி நாரை.

கால் தெரிய வேண்டுமென்றால் பறவை கரையேற வேண்டும். பொறுமையாக இருந்தால் பெரும்பாலும் ஏறும். முன்விரல் மூன்றும் சவ்வால் இணைந்திருந்தால் வாத்து. பின்விரலும் சேர்த்து நான்கும் இணைந்திருந்தால் நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா இவற்றில் ஒன்று. விரல்கள் தனித்தனியாக, ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் இலை போல மடல் இருந்தால் நாமக்கோழி அல்லது முக்குளிப்பான். மடலும் இல்லை, சவ்வும் இல்லை, வெறும் நீண்ட விரல் என்றால் தாழைக்கோழி, கானாங்கோழி, இலைக்கோழி இவற்றில் தேடலாம். காலைப் படம் எடுக்க முடிந்தால் விட்டுவிடாதீர்கள். பிற்பாடு நீங்கள் விடை கேட்கப்போகும் ஆள் முதலில் கேட்கும் படம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளைக் கொக்குகளைப் பிரிப்பதற்கும் அலகும் காலும்தான் வழி. எல்லாமே வெள்ளை, நிறத்தால் பயனில்லை. கருப்பு அலகு, கருப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. செருப்புப் போட்டது போல இருக்கும். குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு, மாட்டுக்குப் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு. பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும்தான் தலைவலி. இரண்டுக்கும் மஞ்சள் அலகு, இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்கும் அது கருப்பாகவும் மாறும். வாய் பிளவுபடும் கோட்டைப் பாருங்கள். கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரக் கொக்கு. தூரத்தில் இது தெரியாது. தெரியாவிட்டால் 'ஏதோ ஒரு கொக்கு' என்று எழுதிவிட்டுப் போவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஆறாம் படி: இப்போது நிறம்

நிறத்தை மொத்தமாகப் பார்க்காமல் துண்டுதுண்டாகப் பாருங்கள். 'கருப்பும் வெள்ளையும்' என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. 'கழுத்து கருப்பு, விலாவில் ஒரு வெள்ளைக் கோடு, வாலடி வெள்ளை' என்று எழுதினால் வேலை முடிந்தது. உச்சந்தலை, புருவம், கண், தொண்டை, மார்பு, விலா, சிறகு, வாலடி என்று மேலிருந்து கீழே ஒரு சுற்று வாருங்கள். வாலடியை மறக்கவே மறக்காதீர்கள். நீர்க்கோழி இனங்களுக்கு அதுதான் அடையாள அட்டை. தாழைக்கோழிக்கு வாலடியில் இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் கருப்பு. கானாங்கோழிக்குச் செங்கல் நிறம். நாமக்கோழிக்கு உடம்பைப் போலவே கருப்பு.

வாத்துகளின் சிறகில், பின்னோரத்துக்குப் பக்கத்தில், மினுமினுக்கும் ஒரு பட்டை இருக்கும். பச்சையோ நீலமோ, மேலும் கீழும் வெள்ளைக் கோட்டோடு. உட்கார்ந்திருக்கும்போது மறைந்திருக்கும், சிறகை உதறும்போதோ பறக்கும்போதோ தெரியும். பெண் வாத்தைப் பிரிக்க இதை விட நல்ல அடையாளம் குறைவு.

மடையான் என்ற குளத்துக் கொக்கை வைத்து ஒரு பாடம் படிக்கலாம். கரையில் நிற்கும்போது மண்ணோடு மண்ணாக, கோடு கோடாகப் பழுப்பாக இருக்கும். காலடி பட்டு எழும்பினால் திடீரென்று வெள்ளைச் சிறகு விரியும். வேறு பறவை வந்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். உட்கார்ந்த நிறம், பறக்கும் நிறம் என்று இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும் என்பது அதனால்தான்.

நிறம் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. நனைந்த இறகு கருமையாகத் தெரியும். சேற்றில் மேய்ந்த பறவையின் வெள்ளை வயிறு துருப்பிடித்தது போல் இருக்கும். மாலை வெளிச்சம் எல்லாவற்றுக்கும் செம்மை பூசும். போன் கேமரா தன் பங்குக்கு நிறத்தைக் கூட்டும்.

ஏழாம் படி: வயது, பருவம், ஆணா பெண்ணா

'புத்தகத்தில் இல்லாத பறவை' என்று நாம் நினைப்பது பெரும்பாலும் புத்தகத்தில் இருக்கும் பறவையின் வேறு உடைதான்.

பல ஆண் வாத்துகள் இனப்பெருக்கம் முடிந்ததும் பளபளப்பான இறகை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போல மங்கிவிடும். அந்தச் சமயத்தில் பறக்கும் இறகுகளும் ஒட்டுமொத்தமாக உதிரும், சில வாரங்களுக்குப் பறக்கவே முடியாது. மறைந்து வாழ மங்கல் நிறம் உதவுகிறது. இப்படி இருக்கும்போது அலகின் நிறமும் சிறகுப் பட்டையும்தான் காட்டிக்கொடுக்கும். மல்லார்ட் ஆணுக்கு மஞ்சள்பச்சை அலகு, பெண்ணுக்கு ஆரஞ்சில் கருந்திட்டு. புள்ளிமூக்கு வாத்துக்கு இந்தத் தொந்தரவே இல்லை. ஆண், பெண் இரண்டுக்கும் கருப்பு அலகு, மஞ்சள் நுனி.

இளம் பறவைகள் இன்னும் பெரிய ஏமாற்றுக்காரர்கள். இராக்கொக்கு வளர்ந்தபின் கருப்பும் சாம்பலுமாக, சிவந்த கண்ணோடு இருக்கும். இளசோ பழுப்பு உடம்பில் வெண்புள்ளிகள் தெளித்தது போல இருக்கும், முழு நிறம் வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். நத்தை குத்தி நாரையின் இளசுக்கு அலகில் அந்தச் சந்தே இருக்காது. நாமக்கோழிக் குஞ்சின் தலை ஆரஞ்சும் சிவப்புமாக, தாய்க்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். முக்குளிப்பான் குஞ்சுக்கு முகத்தில் வரிக்குதிரைக் கோடு. அடிக்கடி தாயின் முதுகில் சவாரி போகும். அதனால் கூட வந்திருக்கும் பெரிய பறவை எது என்று பார்ப்பது பாதி விடை.

வளர்ப்பு வாத்தையும் மறந்துவிடாதீர்கள். மஸ்கோவி என்ற வாத்து இனத்தைத் தவிர ஏறக்குறைய எல்லா வளர்ப்பு வாத்துகளும் மல்லார்ட் வழி வந்தவை. அவை காட்டு வாத்தோடு கலந்தால் பாதி வெள்ளை, பாதி பச்சை, மார்பில் மட்டும் ஒரு வெள்ளைச் சட்டை என்று எந்தப் புத்தகத்திலும் இல்லாத உருவங்கள் பிறக்கும். உடம்பு கனமாக, பின்பக்கம் தொங்கலாக, ஆளைக் கண்டால் ஓடாமல் கிட்ட வந்தால் வளர்ப்பு ரத்தம் என்று சந்தேகப்படலாம். முகத்தில் சிவப்பாகக் கரடுமுரடான சதை இருந்தால் மஸ்கோவி. அழகுக்காக வளர்த்துத் தப்பி வந்த பறவைகளும் குளத்தில் இறங்குவதுண்டு. காலில் வளையம் இருக்கிறதா, ஒரு பக்கச் சிறகு வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எட்டாம் படி: இடமும் மாதமும் வைத்துக் கழித்தல்

இதுவரை சேர்த்தோம். இனி கழிக்க வேண்டும். நீங்கள் பார்த்த மாதத்தில், உங்கள் பகுதியில், அந்த மாதிரிக் குளத்தில் என்னென்ன பறவைகள் வழக்கமாக இருக்கும் என்று பாருங்கள். இதற்கு ஈபேர்ட் தளம் நல்ல துணை. 2002இல் தொடங்கிய இந்த இணையத்தளத்தில் இப்போது உலகம் முழுவதும் பறவை பார்ப்பவர்கள் போடும் பட்டியல்கள் சேர்கின்றன. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால் எந்தப் பறவை எந்த மாதத்தில் எவ்வளவு அடிக்கடி பதிவாகிறது என்று பட்டைகளாகக் காட்டும். வலசை வரும் வாத்து கோடை நடுவில் தெரிந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

வழக்கமான பறவைகளில் மூன்று நான்கைக் காகிதத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் 'ஏன் இது இல்லை' என்று கேளுங்கள். 'ஏன் இதுதான்' என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும்.

என் பறவைக்கு இதைச் செய்து பார்த்தேன். பெண் வாத்தா? அலகு தட்டையாக இல்லை, அடித்துவிட்டேன். முக்குளிப்பானா? ஒரு தடவை கூட முங்கவில்லை, வால் நன்றாகத் தெரிந்தது, இல்லை. கானாங்கோழியா? வாலடி செங்கல் நிறமாக இருக்க வேண்டும். அடித்தேன். இளம் நாமக்கோழியா? கொஞ்ச நேரம் மயங்கினேன். அதுவும் பழுப்பும் சாம்பலுமாக இருக்கும், ஆனால் முன்கழுத்து வெளுப்பாக இருக்கும், வாலடியில் வெள்ளை இருக்காது. மிஞ்சியது தாழைக்கோழி. ஆனால் தாழைக்கோழி கருப்பு, நெற்றியும் அலகும் சிவப்பு. மூன்று நாள் என்னைச் சுற்ற வைத்த இடம் இதுதான். இளம் தாழைக்கோழி எப்படி இருக்கும் என்று தேடியதும் வந்து நின்றது: பழுப்பு உடம்பு, மங்கிய அலகு, சிவப்பே இல்லை, விலாவில் வெளிர்க்கோடு, வாலைத் தூக்கினால் வெள்ளை. அடுத்த வாரம் அதே கோரைப் பக்கம் போனேன். அதே பழுப்புப் பறவை நீந்தியது, இரண்டடி தள்ளிச் சிவப்பு நெற்றியோடு அதன் பெற்றோர்.

அரிய பறவை வந்திருக்கிறது என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் முதலில் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: இங்கே தினமும் இருக்கும் ஒரு பறவை எனக்குத் தெரியாத உடையில் இருக்கிறதா? பெரும்பாலும் ஆமாம்.

ஒன்பதாம் படி: செயலியும் ஆட்களும்

இப்போது செயலியைத் திறக்கலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி 2014 முதல் இருக்கிறது, இலவசம். எங்கே, எப்போது, எந்த அளவு, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று ஐந்து கேள்வி கேட்டு ஒரு பட்டியல் தரும். படத்தைக் கொடுத்தாலும் பெயர் சொல்லும். 2021இல் குரலைக் கேட்டுச் சொல்லும் வசதியும் வந்தது. கோரைக்குள் ஒளிந்து கத்தும் நீர்க்கோழிகளுக்கு அது உதவும். முக்குளிப்பானின் குதிரை கனைப்பது போன்ற நடுக்கக் குரலை ஒருமுறை கேட்டால் மறக்காது.

செயலி சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மங்கலான படத்துக்கும் அது ஒரு பெயர் சொல்லிவிடும். கலப்பின வாத்துகளிலும் இளம் பறவைகளிலும் வழுக்கும். அது சொன்ன பெயரை எடுத்து, உங்கள் குறிப்பில் உள்ள வாலடி, அலகு, நடத்தை எல்லாம் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒன்று இடித்தாலும் நின்று யோசியுங்கள்.

ஆட்களிடம் கேட்பது இன்னும் நல்லது. உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தைப் போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்துவார். போடும்போது தேதியும் இடமும் கட்டாயம் கொடுங்கள். நன்றாக வந்த ஒரு படத்தை மட்டும் போடாமல் மூன்று நான்கு போடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, சிறகு விரித்து ஒன்று, தெரிந்த பறவையோடு ஒன்று. மங்கலாக இருந்தாலும் சிறகு விரித்த படம் தெளிவான முகப்படத்தை விடப் பல நேரம் பயன்படும். பத்து நொடி வீடியோ இருந்தால் அதற்கு ஈடே இல்லை, தலையாட்டல் எந்தப் படத்திலும் விழாது. நிறத்தைத் திருத்தாமல் அப்படியே போடுங்கள்.

படத்துக்காகக் கல்லெறிந்து பறக்க வைப்பது, கோரைக்குள் இறங்குவது இரண்டும் வேண்டாம். முக்குளிப்பானின் கூடு தண்ணீரில் மிதக்கும் குப்பை மாதிரிதான் இருக்கும். ஆள் வருவது தெரிந்தால் முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டு நழுவிவிடும். பார்ப்பவருக்கு அங்கே கூடு இருப்பதே தெரியாது. ஒரு பறவை உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே சுற்றினால் கூடு பக்கத்தில் இருக்கிறது. பின்வாங்கி, தூரத்திலிருந்து பாருங்கள்.

இவ்வளவு செய்தும் பெயர் தெரியாமல் போகலாம். தூரம், மோசமான வெளிச்சம், முதுகை மட்டும் காட்டும் உள்ளான், எல்லாம் உண்டு. அப்போது எவ்வளவு உறுதியோ அவ்வளவை மட்டும் எழுதுங்கள்: 'உள்ளான் இனம், மைனா அளவு, பறக்கும்போது பிட்டம் வெள்ளை, பச்சைக் கால்.' தேதி, நேரம், எந்தக் கரை என்பதையும் சேர்த்து வைத்துவிடுங்கள். குளத்துப் பறவைகளுக்குப் பிடித்த மூலை என்று ஒன்று உண்டு. நாளைக் காலை அதே நேரத்தில், வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும்படி, அங்கே போய் நின்று பாருங்கள்.